பாதி மாடியில் நிற்கும் வேலை: மேஸ்திரியோடு பேசிய பேச்சுக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு?

திருமுல்லைவாயிலில் சி.டி.எச். சாலையிலிருந்து சோழம்பேடு பக்கம் திரும்பி உள்தெருக்களில் நடந்தால், மொட்டை மாடியில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் கண்ணில் படும். சில வீடுகளில் அது தெரிந்தே விட்ட கம்பி. பிள்ளை தலையெடுத்த பிறகு மாடி எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருப்பார்கள். வேறு சில வீடுகளில் சுவர் எழுந்து, தளமும் போட்டு, அதற்குமேல் ஒன்றும் நடக்காமல் நிற்கும். பூசாத செங்கல் மழையில் நனைந்து கறுத்திருக்கும். கேட்டால், "மேஸ்திரி வரலைங்க" என்று ஒரே வரியில் பதில் வரும். அந்த வரிக்குப் பின்னால் பெரும்பாலும் ஒருவருடைய பி.எஃப். பணமோ, ஒருத்தியின் அடகு நகையோ இருக்கிறது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஆவடியின் ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளிலும் வேலை பார்த்த பலர் அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு மனை வாங்கி, கீழ்த்தளம் மட்டும் கட்டிக்கொண்டு குடிவந்த பகுதி இது. ஓய்வு நெருங்கும்போதுதான் மாடி நினைப்பு வரும். மகனுக்குக் கல்யாணம் என்றால் தனியாக ஓர் அறை வேண்டும். இல்லாவிட்டால் வாடகைக்கு ஒரு போர்ஷனாவது ஆகும். சாலை உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்ட தெருக்களில் தரையை உயர்த்துகிறார்கள், ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள். ஒழுகும் தளத்துக்குத் தட்டோடு மாற்றுவது, சமையலறையை மாடுலர் கிச்சன் ஆக்குவது என்று வேலைகள் வேறு வேறு. ஒப்பந்தம் மட்டும் எங்கும் ஒரே மாதிரி: வாசலில் நின்று பேசிய பேச்சு, துண்டுத்தாளில் மொத்தத் தொகை, நல்ல நாள் பார்த்து அட்வான்ஸ்.

ஒரு வீட்டை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். குறிப்பிட்ட யாருடைய கதையும் இல்லை. வழக்கமாக நடப்பதைச் சேர்த்துப் போட்ட கணக்கு. 800 சதுர அடி மாடி, மெட்டீரியலோடு சதுர அடி 2,250 ரூபாய், மொத்தம் 18 லட்சம், ஐந்து மாதத்தில் சாவி. அட்வான்ஸ் 3 லட்சம். "நம்ம வீடு மாதிரி நெனச்சு செய்யறேன்க்கா, நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க" என்று ஆரம்பிப்பார் மேஸ்திரி. தூண் எழும்போது, "கம்பி விலை ஏறப்போகுதுக்கா, இப்பவே வாங்கிப் போட்டுடலாம்" என்று ஒரு 2 லட்சம். சனிக்கிழமை சாயங்காலமானால், "ஆளுங்களுக்குக் கூலி குடுக்கணும், சாரை ஒரு அம்பதாயிரம் ஜிபே போடச் சொல்லுங்கக்கா." தளம் போடும் நாளில் ஒரு பெரிய தொகை. தளம் காய்ந்து பலகை பிரிக்கும்போது 14.5 லட்சம் கைமாறியிருக்கும். அதாவது மொத்தத்தில் 80 சதவீதத்துக்கு மேல். பூச்சு, தரை, கதவு ஜன்னல், வயரிங், குழாய், பெயின்ட் எல்லாம் பாக்கி. மிச்சம் இருக்கும் 3.5 லட்சத்தில் அவ்வளவையும் முடிக்க முடியாது என்பது மேஸ்திரிக்கு வீட்டுக்காரருக்கு முன்பே தெரியும். போன் எடுப்பது குறையும்.

இதில் ஏமாற்றும் எண்ணத்தோடு வருகிறவர் சிலரே. பெரும்பாலும் நடப்பது சுழற்சி. போன வீட்டில் விழுந்த துண்டை இந்த வீட்டு அட்வான்ஸில் அடைப்பார், இந்த வீட்டுத் துண்டுக்கு அடுத்த வீட்டு அட்வான்ஸ். அடுத்த வீடு கிடைக்காத மாதத்தில் சுழற்சி நின்றுவிடும். அப்போது மாட்டிக்கொள்வது யார் வீடு என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இப்படிப்பட்ட வேலைகளுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வீட்டு மேம்பாட்டு ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாக வேண்டும். முன்பணம் மொத்தத்தில் 10 சதவீதமோ 1,000 டாலரோ, எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டைப் புதுப்பிக்க, கழகத்தின் பட்டியலில் இருக்கும் ஒப்பந்தக்காரரைத்தான் அமர்த்த முடியும். இங்கே முன்பணத்துக்கு உச்சவரம்பு என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

"அதான் ரெரா இருக்கே" என்று சொல்பவர்கள் உண்டு. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வீடு கட்டி விற்கும் நிறுவனத்துக்கானது. சாவி கொடுத்து 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் விற்றவர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்பது அதன் 14-ஆம் பிரிவு. சொந்த மனையில், சொந்தப் பணத்தில், மேஸ்திரியை வைத்து மாடி எடுப்பவருக்கு அந்த 5 ஆண்டு தானாகக் கிடைக்காது. பழுதுபார்ப்பு, புதுப்பிப்பு வேலைகளையும் விற்பனை இல்லாதவரை அந்தச் சட்டம் பதிவுக்கு வெளியே வைத்திருக்கிறது. ஆகவே அந்த உத்தரவாதம் வேண்டுமென்றால், எத்தனை ஆண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

மிஞ்சுவது இரண்டு சட்டங்கள். ஒன்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். மற்றது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். இரண்டும் வீட்டுக்காரருக்குக் கைகொடுக்கும். ஆனால் இரண்டுமே முதலில் கேட்கிற கேள்வி, 'என்ன பேசினீர்கள்?' என்பது. பாதி மாடி வழக்குகளில் சறுக்குவது அந்த இடத்தில்.

வாய்ப்பேச்சு செல்லுமா?

செல்லும். ஒப்பந்தச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு எழுத்து வேண்டும் என்று பொதுவாகக் கட்டாயப்படுத்தவில்லை. இரண்டு பேரும் மனமொத்து, ஒரு விலைக்கு, சட்டத்துக்கு உட்பட்ட வேலையைப் பேசிக்கொண்டால் அது ஒப்பந்தம். சிக்கல் நிரூபிப்பதில். மேஸ்திரி ஒரு பேச்சு சொல்வார், வீட்டுக்காரர் வேறு பேச்சு சொல்வார், சாட்சிக்கு அன்றைக்கு அங்கே நின்ற மச்சான் மட்டும் இருப்பார்.

முத்திரைத்தாளில் எழுதாததால் ஒப்பந்தமே செல்லாது என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுகிறவர்களும் உண்டு. முத்திரைக் கட்டணம் கட்டாதது சரிசெய்யக்கூடிய குறை, அதனால் ஒப்பந்தம் இல்லாமலே போய்விடாது என்று உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு 2023 டிசம்பரில் தெளிவுபடுத்தியது. முறையான முத்திரைத்தாளில் எழுதுவது நல்லது. அது முடியாதபோது வெள்ளைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டாலும், ஒன்றும் எழுதாததைவிட நூறு மடங்கு மேல். அதுவும் இல்லையா, பேசி முடித்த அன்று இரவே, "இன்று பேசியபடி 800 சதுர அடி, சதுர அடி 2,250, மெட்டீரியலோடு, ஐந்து மாதம், முன்பணம் 3 லட்சம். சரிதானே மேஸ்திரி?" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரிங்கக்கா" என்று பதில் வாங்கிவிட வேண்டும். அந்த 'சரிங்கக்கா'வுக்கு மதிப்பு உண்டு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவை உரிய சான்றிதழோடு ஆதாரமாக வைக்க வழி தருகிறது. போன் மாற்றும்போது அந்த உரையாடல் அழிந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று. பல வீடுகளில் மேஸ்திரியின் முழுப்பெயர் தெரியாது. போனில் 'மேஸ்திரி புதுசு' என்று இருக்கும். ஊர் திருவண்ணாமலைப் பக்கம் என்று தெரியும், தெரு தெரியாது. பின்னால் நோட்டீஸ் அனுப்ப முகவரி இல்லாமல் வழக்கு அங்கேயே நின்றுவிடும். முதல் தவணை கொடுக்கும் அன்றே ஆதார் நகலும் இப்போதைய குடியிருப்பு முகவரியும் வாங்கி வைத்துக்கொள்வதில் அவமரியாதை ஒன்றும் இல்லை.

சதுர அடிக்குள் ஒளிந்திருப்பவை

'சதுர அடி 2,250' என்பது பார்க்கத் தெளிவான எண். ஆனால் எந்தச் சதுர அடி? படிக்கட்டு உண்டா, பால்கனி முழுதாகவா பாதியாகவா, சன்ஷேடு சேருமா, கைப்பிடிச் சுவர் தனியா, மாடியின் மேல் தண்ணீர்த் தொட்டிக்கு எழுப்பும் மேடை யார் கணக்கு? கடைசி பில்லில் 800 சதுர அடி 910 ஆகிவிடுவது இந்தச் சந்தில்தான். அளக்கும் முறையை ஒரு வரி எழுதினால் தீரும் சண்டை இது.

பொருளும் அப்படியே. கம்பி எந்தக் கம்பெனி, தூணுக்கு எத்தனை எம்.எம்., சிமென்ட் எது, செங்கல்லா ஃப்ளை ஆஷ் கல்லா, எம்.சாண்டா, வயர் எந்த பிராண்ட், டைல்ஸ் சதுர அடிக்கு எவ்வளவு ரூபாய் வரை என்று எழுத வேண்டும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எம்20 தரத்துக்குக் குறையக் கூடாது என்பது ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி. 'ஐ.எஸ். 456 படி, எம்20' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால், பின்னால் வரும் பொறியாளர் எதை வைத்து அளக்க வேண்டும் என்பதில் குழப்பம் இல்லை. இந்த ஊர் மாசிலாமணீசுவரர் கோயிலில் எருக்கந்தூண் இரண்டு நிற்கின்றன, தொண்டைமான் கொண்டுவந்து நட்டது என்பது தலபுராணக் கதை. எருக்கில் தூண் நிற்பது சாமி காரியம். மனுஷர் வீட்டுக்குக் கம்பியின் தடிமனை எழுதித்தான் ஆக வேண்டும்.

விரிசல் வந்தபின் மேஸ்திரிகள் சொல்லும் முதல் பதில், "நீங்க சரியா தண்ணி விடலைக்கா." தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதும் சுவருக்குக் காலை மாலை தண்ணீர் அடிப்பதும் எழுதப்படாத சட்டமாக வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழுகிறது. சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமென்ட் என்றால் 10 நாள் ஈரம் காயக் கூடாது என்கிறது அதே ஐ.எஸ். 456. கியூரிங் ஒப்பந்தக்காரர் பொறுப்பு என்று எழுதலாம். வீட்டிலேயே செய்வதானால், தினம் ஒரு போட்டோ எடுத்து மேஸ்திரிக்கே அனுப்பிவிடலாம். தேதியும் நேரமும் அதில் தானாக விழுந்துவிடும்.

"விலை ஏறிப்போச்சுக்கா"

மெட்டீரியலோடு மொத்த விலை பேசிய பிறகு விலை ஏற்றம் யார் பாடு? ராணுவத்துக்கு நெய் வாங்கிக் கொடுத்த அலோபி பர்ஷாத் என்ற முகவர்கள், போரால் நிலைமை தலைகீழாகிவிட்டது, பழைய விகிதம் கட்டாது என்று கூடுதல் கேட்ட வழக்கில், 1960-ல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஒப்பந்தம் ஒரு தரப்புக்குச் சுமையாகிவிட்டது என்பதற்காகவே பேசிய விலையிலிருந்து தப்ப முடியாது என்பதுதான் அதன் சாரம். 'கம்பி கிலோ இவ்வளவுக்கு மேல் ஏறினால் வித்தியாசத்தை வீட்டுக்காரர் தருவார்' என்று எழுதியிருந்தால் ஒழிய, ஏற்றம் மேஸ்திரியின் பாடு. அப்படி எழுதினால் இறக்கத்துக்கும் சேர்த்து எழுத வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. "விலை இறங்கிடுச்சுக்கா, இந்தாங்க மிச்சம்" என்று சொன்ன மேஸ்திரி எத்தனை பேர் என்று அந்தத் தெருக்களில் விசாரித்துப் பார்க்கலாம்.

கூடுதல் வேலை விஷயத்தில் நியாயம் பல சமயம் மேஸ்திரி பக்கம் இருக்கும். "அப்படியே பரண் ஒண்ணு, பூஜை அலமாரி ஒண்ணு போட்டுடுங்க மேஸ்திரி" என்று போகிற போக்கில் சொல்வது வீட்டுக்காரர்தான். பிறகு, "அதுக்குத் தனியா பேசவே இல்லையே" என்பதும் அவர்தான். ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது: இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் சட்டப்படி ஒரு வேலையைச் செய்து, மற்றவர் அதன் பலனை அனுபவித்தால், ஈடு கொடுக்க வேண்டும். வங்காளத்தில் அரசுத் துறைக்குக் கிடங்கும் சமையலறையும் சாலையும் போட்டுக் கொடுத்த பி.கே. மண்டல் நிறுவனத்திடம் முறையான ஒப்பந்தம் இல்லை. ஆனாலும் அரசு அந்தக் கட்டடங்களைப் பயன்படுத்திக்கொண்டதால் பணம் தர வேண்டும் என்று அறுபதுகளின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பரண் கேட்கும்போதே "எவ்வளவு ஆகும்?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டுப் பதில் வாங்கினால் இரண்டு பேருக்கும் நிம்மதி.

தாமதத்துக்கும் இதே மாதிரி ஒரு நுணுக்கம். ஐந்து மாதம் என்று எழுதிவிட்டால் ஆறாம் மாதம் முதல் நாளே ஒப்பந்தத்தை முறித்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது. கட்டுமான ஒப்பந்தத்தில் கால நீட்டிப்புக்கும் தாமத அபராதத்துக்கும் வழி வைத்திருந்தால், அந்தத் தேதி ஒப்பந்தத்தின் அடிப்படை நிபந்தனை ஆகிவிடாது என்பது ஹிந்த் கன்ஸ்ட்ரக்‌ஷன் வழக்கில் 1979-ல் வந்த தீர்ப்பு. தேதி தாண்டினால், நியாயமான அவகாசம் ஒன்றைக் குறிப்பிட்டு, 'இதற்குள் முடிக்காவிட்டால் ஒப்பந்தம் ரத்து' என்று எழுத்தில் கேட்டுவிட்டு முறிப்பதே பாதுகாப்பு. 'தாமதமானால் நாளுக்கு 5,000 அபராதம்' என்று எழுதினாலும், 74-ஆம் பிரிவின்படி அது உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான ஈட்டைத்தான் தருவார்கள்.

பணம் வேலைக்கு முன்னால் ஓடினால்

உதாரண வீட்டின் உண்மையான தவறு 18 லட்சத்தில் இல்லை, 14.5 லட்சம் போன வரிசையில் இருக்கிறது. சனிக்கிழமைக் கூலிக்கு, கம்பிக்கு, மணலுக்கு என்று கொடுத்த பணம் எதுவும் முடிந்த வேலைக்குக் கொடுத்ததில்லை. தூண் முடிந்தால் இவ்வளவு, லிண்டல் மட்டத்துக்கு இவ்வளவு, தளத்துக்கு இவ்வளவு என்று பிரித்து, தளம் முடியும்போது மொத்தத்தில் பாதிக்குச் சற்று மேல் மட்டும் போயிருக்குமாறு வைக்க வேண்டும். பூச்சும் தரையும் மரவேலையும்தான் பணத்தைத் தின்னும் கட்டம். கடைசி 5 சதவீதத்தை ஓர் ஐப்பசி, கார்த்திகை மழை போகும்வரை பிடித்து வைத்துக்கொள்வதாக முதலிலேயே பேசி எழுதலாம். ஒழுகலைக் கண்டுபிடிக்க வடகிழக்குப் பருவமழையைவிடத் துல்லியமான கருவி இந்தப் பகுதியில் கிடையாது.

"கம்பிக் கடைக்கு நேரா போட்டுடுங்கக்கா" என்று மேஸ்திரி சொன்னால் போடலாம். உடனே, 'கடைக்குப் போட்ட 1,20,000 உங்கள் மூன்றாம் தவணையில் சேரும்' என்று ஒரு செய்தியும் போக வேண்டும். இல்லாவிட்டால் கணக்குப் பார்க்கும் அன்று அந்தப் பணம் யார் கணக்கிலும் இருக்காது.

அனுமதி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். வெள்ளையடிக்கவும் டைல்ஸ் மாற்றவும் யாரும் அனுமதி கேட்பதில்லை. மாடி எடுக்க அனுமதி வேண்டும். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று முறையில் ஆன்லைன் அனுமதி 2024 ஜூலையில் தமிழ்நாட்டில் வந்தது. தன் வேலை அதற்குள் வருமா என்று ஆவடி மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் கேட்டுக்கொள்ளலாம். "அதெல்லாம் நான் பாத்துக்கறேன் சார்" என்ற பேச்சை நம்பி அனுமதியில்லாமல் கட்டினால், பிறகு வழக்கு என்று போகும்போது எதிர்த்தரப்பு முதலில் எடுப்பது அந்த ஓட்டையைத்தான்.

நின்றுபோன பிறகு

முதலில் பலரும் போவது காவல் நிலையத்துக்கு. அங்கே "இது சிவில் மேட்டர்" என்பார்கள். கேட்கக் கசப்பாக இருந்தாலும் பெரும்பாலும் அது சரியான பதில். பேசும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் மோசடிக் குற்றம். ஒப்பந்தத்தை மீறியது மட்டும் குற்றமாகாது என்பதை உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது.

சரியான கதவு நுகர்வோர் ஆணையம். 'வீட்டுக் கட்டுமானம்' என்ற சொல் 1993-ல் நுகர்வோர் சட்டத்தின் சேவை என்ற விளக்கத்தில் சேர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில், லக்னோ வளர்ச்சி ஆணையம் எதிர் எம்.கே. குப்தா வழக்கில், வீடு கட்டித் தருவது சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மேஸ்திரி வழக்குகளுக்கு நேராகப் பொருந்துவது 2008 ஜூலையில் வந்த ஃபகீர் சந்த் குலாட்டி தீர்ப்பு. அந்த வழக்கு ஒரு நில உரிமையாளருக்கும் கட்டுமான நிறுவனத்துக்கும் இடையிலானது. ஆனால் தீர்ப்பின் போக்கில் நீதிமன்றம் ஒன்றை ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது: சொந்த நிலத்தில் வீடு கட்ட ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்தவர், வேலையில் குறை இருந்தால் நுகர்வோராகப் புகார் செய்யலாம்.

பொருளை வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்து, கூலி மட்டும் பேசும் 'லேபர் கான்ட்ராக்ட்'டும் இதில் வரும். ஆனால் நாள் கூலிக்குக் கொத்தனாரையும் சித்தாளையும் வைத்து, 'இங்கே பூசு, அங்கே இடி' என்று வீட்டுக்காரரே வேலை வாங்கினால் நிலைமை வேறு. அது முதலாளி, வேலையாள் உறவு. சட்டம் அதை நுகர்வோர் சேவைக்கு வெளியே வைக்கிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 1995-ல் டாக்டர்கள் தொடர்பான வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாகப் பேசியிருக்கிறது. நாள் கூலி முறையில் செலவு குறையும் என்று கணக்குப் போடுபவர்கள் இந்தப் பாதுகாப்பு போவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

புகாருக்கு முன் ஒரு காரியத்தில் அவசரப்படக் கூடாது. வேலை நின்ற கோபத்தில் மறுவாரமே வேறு மேஸ்திரியைக் கூப்பிட்டு, பழைய பூச்சை உடைத்துப் புதிதாகப் பூசிவிடுகிறார்கள். அதோடு ஆதாரமும் உடைந்துபோகிறது. முதலில் பட்டயப் பொறியாளர் ஒருவரை வரவழைத்து, எது முடிந்தது, எது முடியவில்லை, எது தரமில்லை, முடிக்க எவ்வளவு ஆகும் என்று அறிக்கை வாங்க வேண்டும். வீடியோவும் எடுக்க வேண்டும். பிறகு, 'இந்தத் தேதியில் அளவெடுக்கிறோம், வந்து உடனிருக்கலாம்' என்று மேஸ்திரிக்கு ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். பழைய பதிவுத் தபால் 2025-ல் அதோடுதான் இணைக்கப்பட்டது. வழக்கு வந்த பிறகு ஆணையமே ஒரு வழக்கறிஞரை ஆய்வு ஆணையராக அனுப்பிப் பார்க்கச் சொல்வதும் உண்டு. அவர் வரும்போது பார்க்க ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும்.

எவ்வளவு கேட்கலாம்? ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு தரும் கணக்கு எளிது. உதாரண வீட்டில் மிச்ச வேலையை முடிக்க வேறு ஒருவர் நியாயமாக 7 லட்சம் கேட்கிறார் என்றால், பழைய மேஸ்திரிக்குத் தரவேண்டியிருந்த 3.5 லட்சத்தைக் கழித்து, மீதி 3.5 லட்சம் நஷ்டம். மாடி முடிந்து வாடகைக்கு விடத்தான் கட்டுகிறோம் என்று பேசும்போதே சொல்லியிருந்தால், தாமத மாதங்களின் வாடகையையும் கேட்டுப் பார்க்கலாம். 14.5 லட்சத்தையும் திரும்பக் கொடு என்று கேட்பது கோபத்தின் கணக்கு. எழுந்து நிற்கும் சுவரும் தளமும் வீட்டுக்காரரிடம்தானே இருக்கின்றன. நஷ்டத்தைக் குறைக்கத் தன்னால் முடிந்ததைச் செய்தாரா என்றும் சட்டம் கேட்கும். ஆகவே அறிக்கை வாங்கிய பிறகும் வீட்டை இரண்டு வருடம் மழையில் விட்டுவிட்டு அந்தச் சேதத்தையும் மேஸ்திரி தலையில் கட்ட முடியாது.

நுகர்வோர் புகாருக்கு 2 ஆண்டு கெடு, சிவில் வழக்குக்கு 3 ஆண்டு. மேஸ்திரி தனக்கு வரவேண்டிய பாக்கிக்குப் போக வேண்டியதும் சிவில் நீதிமன்றத்துக்குத்தான். நுகர்வோர் ஆணையம் அவருக்குத் திறக்காது. வேலை முழுதும் முடித்து, சின்ன கறைக்காக 2 லட்சம் நிறுத்தப்பட்டுக் கஷ்டப்படும் மேஸ்திரிகளும் இதே தெருக்களில் இருக்கிறார்கள்.

திருமுல்லைவாயில் குடும்பத்துக்கு உரிய இடம் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். மேஸ்திரி எந்த ஊராக இருந்தாலும் புகார் செய்பவர் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம் என்பது 2019 சட்டம் கொண்டுவந்த பெரிய சௌகரியம். கொடுத்த பணம் 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம் போதும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, 14.5 லட்சத்துக்கு 400 ரூபாய். வக்கீல் வைப்பது கட்டாயமில்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். புகாரை இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் போடலாம். சமரசத்துக்கு வாய்ப்பு இருந்தால் ஆணையமே மத்தியஸ்தத்துக்கு அனுப்பும். மிச்ச வேலையை முடித்துக் கொடுத்துவிடுகிறேன் என்று மேஸ்திரி இறங்கிவரக்கூடிய இடம் அது. சோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்திலும் தேவைப்படுவதை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் அதற்கு மேல் ஆகும் என்று மனதைத் தயார்செய்துகொள்வது நல்லது.

உத்தரவு வந்தும் மேஸ்திரி பணம் தராவிட்டால், 72-ஆம் பிரிவின் கீழ் மனு போடலாம். ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 25,000 முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டில் ஒன்றோ இரண்டுமோ விதிக்க அதில் இடமுண்டு. காணொளி வழியாக விசாரணைக்கு வர அனுமதி கேட்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. நேரில் போவதென்றால், திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் ஏறினால் அதே தடத்தில்தான் திருவள்ளூர். ஒப்பந்தத் தாள், தவணைக் கணக்கு, பொறியாளர் அறிக்கை, வாட்ஸ்அப் பிரதி, நோட்டீஸ் ரசீது எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் கோத்து, இரண்டு நகலோடு எடுத்துப் போக வேண்டும்.